ஏணியைப் பிடிப்பது யார்?

மூன்றாம் ஆண்டு, பி.ஏ. (வரலாறு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது என் வகுப்புத் தோழர்கள் பெரிய பெரிய பொருள்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சோழர் கடற்படை என்றார் ஒருவர். விடுதலைப் போரில் தமிழகம் என்றார் மற்றொருவர். எனக்கோ சுண்ணாம்பையும் பெயிண்டையும் தவிர வேறொன்றும் நன்றாகத் தெரியாது. என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெயிண்டர். பள்ளி நாள்களிலிருந்தே விடுமுறை வந்தால் அவரோடு வேலைக்குப் போய் வாளி தூக்கியவன் நான். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தயங்கி நின்றேன். “உனக்குத் தெரிந்ததை எழுது, தெரியாததை எழுதத்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே!” என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கரூர்ப் பக்கத்தில் பெயிண்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்று எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். வேலை முடிந்ததும் தெருவில் நின்று பார்ப்பவர் நிறத்தைப் பாராட்டுவார். அல்லது குறை சொல்வார். முப்பதடி உயரத்தில் சன்னல் மேல் இருக்கும் அந்த மூலைக்கு அந்த நிறம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

சுவரில் வண்ணம் ஏறுவதற்கு முன் எத்தனையோ வேலைகள் உண்டு. பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். பட்டி பார்த்து மறுபடியும் தேய்க்க வேண்டும். பிரைமர் ஒரு கை, அதன்மேல் பெயிண்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தேய்க்கும்போது கிளம்பும் தூசி நெஞ்சுக்குள் போகிறது. தேய்ப்பது பழைய எனாமல் என்றால் அத்தூசியில் ஈயமும் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய கதவுகளும் கிராதிகளும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன அல்லவா? அவற்றை உலர்ந்த தாளால் தேய்த்துவிட்டு, அதே கையோடு தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட உட்காருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் ஈயம் வயிற்றுக்குள் போகாது. இவ்வளவுதான் மருந்து. ஆனால் இதைச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது மேலே போகாமல் தரையோடு தங்கும். மூடிய அறையிலோ தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ அடிக்கும்போது முதலில் தலை வலிக்கும், பிறகு கிறுகிறுக்கும், வெளியே ஆள் இல்லையென்றால் உள்ளேயே மயங்கி விழ நேரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். துண்டு தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வைத்த முகமூடி தனியே வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீர் பட்டவுடன் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் உடனே கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் பார்வையே போகக்கூடும்.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த உண்மைகளும் அல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வண்ணம் தீட்டுவோருக்கும் ஓர் இயல் உண்டு. அவர்கள் குழைக்கும் ஈயமும் பாதரசமும் கலந்த வண்ணங்களே அவர்கள் உடலைக் கெடுக்கின்றன என்று அவர் எழுதினார். கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளீயச் சாயத்தைச் சில விலக்குகளோடு தடை செய்யும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஏற்றது. வரலாற்று மாணவனாகிய நான் நம் கல்லூரி நூலகத்தில் இவற்றைப் படித்தபோது வியப்பைவிட வருத்தமே மிகுந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த செய்தி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லையே!

இப்படிப் படிக்கத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது எனக்கு எளிதன்று.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. எனக்கு வயது பதினாறு. ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்த மாடி வீட்டு வேலைக்குத் தந்தையாரோடு போய்வந்தேன். அன்று அவர் முன்வாசலில் மூங்கில் ஏணி சாத்தி, சன்ஷேடின் அடிப்பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டடி உயரம். கீழே வழுவழுப்பான டைல்ஸ் தரை. அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். ஏணியின் கால்களுக்கு ரப்பரும் இல்லை, சாக்கும் இல்லை. என் வேலை கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, இரு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொள்வது.

பத்தரை மணி இருக்கும். ஒப்பந்தக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு வீட்டிலிருந்து இருபது லிட்டர் வாளி ஒன்றை உடனே எடுத்து வரச் சொன்னார். நான் மேலே பார்த்தேன். “போயிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்” என்றார் தந்தையார். நான் போனேன். வாளியைச் சுமந்துகொண்டு திரும்பி வரும்போது வாசலில் கூட்டம் நின்றது.

ஏணி வழுக்கி, நின்ற வாக்கில் விழுந்திருந்தார். குதிகால் எலும்பு நொறுங்கியது. உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுபவருக்கு அந்த அடி முதுகெலும்புக்கும் ஏறும் என்று அரசு மருத்துவமனை மருத்துவர் விளக்கினார். படம் எடுத்துப் பார்த்தபோது இடுப்புக்கு மேலே ஓர் எலும்பிலும் முறிவு இருந்தது. மூன்று மாதம் படுக்கை. அம்மா ஜவுளிக் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குப் போனார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஆனால் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தோம். 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அந்த வாரியத்தை ஏற்படுத்தியதே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். இருந்தும் என்ன பயன்? ஒரு நாள் கூலி போய்விடும் என்று புதுப்பிக்கப் போகாமல் இருந்தது எங்கள் தவறு.

பார்க்க வந்தவர்கள் அனைவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: “கவனமா இருந்திருக்கலாம்.” வீட்டுக்காரர் அதைச் சொன்னார். உறவினர் சொன்னார்கள். ஒப்பந்தக்காரரும் பழங்களோடு வந்து, பத்தாயிரம் ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதையே சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவரும் ஒரு காலத்தில் மட்டை பிடித்து வெள்ளையடித்தவர்தான். தந்தையாரும் “ஆமாங்க, எந்தப்புதான்” என்று படுத்தபடியே தலையாட்டினார். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். ஏணியைப் பிடித்திருக்க வேண்டியவன் நான். அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. ஆனால் என்னை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததனால் அது என்னை விட்டுப் போகவுமில்லை.

ஓராண்டுக்குப் பின் தந்தையார் மெல்ல நடமாடத் தொடங்கினார். ஏணி ஏற முடியாது. அதே ஒப்பந்தக்காரரிடம் கீழே நின்று நிறம் கலப்பதும், எட்டும் உயரத்தில் பட்டி பார்ப்பதுமாகப் பாதிக் கூலிக்கு வேலை செய்தார். நான் கல்லூரியில் சேர்ந்தேன்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு நாள் இரவு ஒப்பந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நூற்பாலை ஒன்றின் கிடங்குக்கும் சுற்றுச்சுவருக்கும் வண்ணம் அடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதுவரை அவர் எடுத்த வேலைகளிலேயே பெரியது அது. ஆனால் ஆலையில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பாதுகாப்புக் கொள்கை என்று எழுத்தில் ஒரு தாள் கொடுத்தால்தான் ஆள்களை உள்ளே விடுவார்களாம். எங்கிருந்தோ வாங்கிய நான்கு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். “தம்பி, நீதான் காலேஜ் படிக்கறயே. இதுல அந்தப் பேரை அடிச்சுட்டு நம்ம பேரப் போட்டு, தமிழ்ல ஒரு காப்பி எழுதிக் குடு. ஆரும் படிக்கப் போறதில்ல, ஃபைல்ல வெக்கறதுக்குத்தான்” என்றார்.

அன்றிரவு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினேன். தந்தையார் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏணிகளும் சாரங்களும் நாள்தோறும் பரிசோதிக்கப்படும்.”

“ஆரு?” என்றார் தந்தையார்.

எனக்குப் புரியவில்லை. “என்னப்பா?” என்றேன்.

“பரிசோதிக்கப்படும்னா ஆரு பரிசோதிக்கறது?”

தாளைப் பார்த்தேன். அதில் யார் என்று இல்லை. அடுத்ததைப் படித்தேன். “பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்படும்.” மீண்டும் “ஆரு?” என்றார். “ஆபத்தான நிலையில் வேலை நிறுத்தப்படும்.” “ஆரு நிறுத்துவாங்க? நிறுத்துனா அன்னிக்குக் கூலி ஆரு குடுப்பாங்க?” நான்கு பக்கமும் இப்படியே போயிற்று. செயப்பாட்டுவினையில் செய்பவரை விட்டுவிடலாம் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறேன். அந்த வசதி இத்தனை பேருக்குப் பயன்படும் என்று அன்றுதான் அறிந்தேன். எல்லாம் செய்யப்படும்; செய்பவர்தான் யாரும் இல்லை. விபத்து நடந்த பிறகு மட்டும் எழுவாய் கிடைத்துவிடும். விழுந்தவனே எழுவாய், “அவன் கவனமாக இல்லை.”

மறுநாள் நூலகத்துக்குப் போய்ச் சட்டங்களைத் தேடினேன். கட்டடத் தொழிலாளருக்கென்றே 1996-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளில், 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம் எழுத்து வடிவில் பாதுகாப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஒப்பந்தக்காரரிடம் இருந்தவர்கள் பதினான்கு பேர். ஆலை கேட்டிராவிட்டால் அவர் எழுதியே இருக்க மாட்டார். 2020-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பழைய தொழிற்சட்டங்கள் பலவற்றை இணைத்துப் புதிய தொகுப்புகளை இயற்றியது என்பதையும் படித்தேன்.

இவற்றைவிட என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் காயம்பட்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க அச்சட்டம் இடம் தரவில்லை. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகத் தந்த கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவையே அதில் விலக்குகளாக இருந்தன. உயிர் போய்விட்டாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ அந்த விலக்குகளும் செல்லாது. என் தந்தையார் எந்தக் கட்டளையை மீறினார்? மீறுவதற்கு முதலில் கட்டளை என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? இதை அறியாமல் “எந்தப்புதான்” என்று தலையாட்டினாரே என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

அந்த ஆங்கிலத் தாளை மூடி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் புதிதாக எழுதினோம். எழுதியது நான், சொன்னது அவர். ஒவ்வொரு வாக்கியமும் ஆளின் பெயரோடுதான் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

முதலாளி செய்ய வேண்டியவை முதலில் வந்தன. கயிறு, ஏணி, தலைக்கவசம், பெல்ட், முகமூடி எல்லாவற்றையும் முதலாளி தம் செலவில் வாங்கித் தருவார். தொழிலாளியின் கூலியில் பிடிக்க மாட்டார். வேலைக்கு எடுக்கும்போது வாரிய அட்டையைப் பார்ப்பார். அட்டை இல்லாதவரைப் பதிவு செய்ய ஒரு நாள் கூலியோடு விடுப்புக் கொடுப்பார். பதினெட்டு வயது நிரம்பாதவரை எந்த வேலைக்கும் வைக்க மாட்டார். இந்தக் கடைசி வரியை எழுதும்போது என் கை ஒரு கணம் நின்றது. இது முன்பே இருந்திருந்தால் பதினாறு வயதில் அந்த ஏணியடியில் நான் நின்றிருக்க மாட்டேன். அங்கே ஒரு பெரிய ஆள் நின்றிருப்பார்.

அடுத்து மேஸ்திரியின் பொறுப்புகள். மேஸ்திரி காலையில் ஆள்கள் ஏறுமுன் சாரத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு கட்டையும் கட்டும் கயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்கிறதா என்று பார்ப்பார், பன்னிரண்டடிக்கு மூன்றடி. பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, போனால் மின்சாரத்தை நிறுத்தியதை உறுதி செய்துகொண்ட பின்பே ஏற விடுவார். இரும்பு ஏணியையும் நீளக் குச்சி மாட்டிய ரோலரையும் கம்பிப் பக்கம் கொண்டுபோக விட மாட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் பலகை போடாமல் ஒருவரையும் கால் வைக்க விட மாட்டார்; அந்த ஓடு பார்க்கக் கெட்டியாகத் தெரியும், மிதித்தால் உடைந்துவிடும். தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்பார். எண்ணெயும் வார்னிசும் ஊறிய துணிகளைக் குவித்து வைக்க விட மாட்டார். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை.

தொழிலாளிக்கும் பொறுப்பு உண்டு. தொழிலாளி குடித்துவிட்டு வர மாட்டார். பெல்ட்டை மாட்டினால் மட்டும் போதாது. அதன் கொக்கியைத் தலைக்கு மேலே கட்டடத்தில் கட்டிய கயிற்றில் மாட்டுவார். பழுது கண்டால் சொல்வார். ஏறப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் யாரும் கேலி செய்யவோ கூலியைக் குறைக்கவோ கூடாது. ஆலையின் பொறுப்பையும் எழுதினோம்: எந்தச் சுவரில் மின்சாரம் ஓடுகிறது, எந்தக் கூரை பலவீனமானது என்று ஆலைக்காரரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பழுதினால் வேலை நின்றால் அன்றைக்கு அரைக் கூலி முதலாளி தருவார் என்பதையும் சேர்த்தோம். முழுக் கூலி என்று எழுதலாமே என்றேன். “முழுக் கூலின்னு எழுதுனா அவுரு கையெழுத்துப் போட மாட்டாரு, போட்டாலும் குடுக்க மாட்டாரு. நடக்கறத எழுது” என்றார் தந்தையார்.

ஏணி பற்றிய பகுதி வந்தது. “ஏணியில் ஒருவர் நிற்கும்வரை கீழே ஒருவர் பிடித்திருப்பார்” என்று எழுதினேன். தந்தையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இன்னொன்னும் எழுது கண்ணு. ஏணி பிடிக்கறவன வேற வேலைக்கு ஆரு கூப்புடறாங்களோ, அவங்க வந்து ஏணியப் பிடிச்சுக்கிட்டு அப்பறம் அனுப்போணும்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுதி முடித்தேன். எழுத்துக் கலங்கித் தெரிந்ததனால் அந்த வரியை மறுநாள் வேறு தாளில் திருத்தமாக எழுத வேண்டியிருந்தது. இரண்டரை ஆண்டுகளாக நான் சுமந்த ஒன்றை அவர் அறிந்தே இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒப்பந்தக்காரர் தாளை வாங்கிப் படித்தார். கோப்பில் வைக்கத்தானே என்று முதலில் வேகமாகத்தான் படித்தார். அந்த ஏணி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடியும் படித்தார். தந்தையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேனா இருக்குதா தம்பி?” என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வேறொன்றும் பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று, “அண்ணா, நீங்கதான் ஏற முடியாதே, காலைல சாரம் பாக்கற வேலைய நீங்களே பாத்துக்கங்க. மேஸ்திரி கூலி போட்டுக்கலாம்” என்றார்.

2025 ஜனவரியில் வேலை தொடங்கியது. பொங்கலுக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டும். விடுமுறை நாளாக இருந்ததனால் நானும் போயிருந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு கடந்துவிட்டது. கிடங்குச் சுவருக்குச் சவுக்குக் கம்புகளால் முப்பதடி உயரச் சாரம் கட்டியிருந்தார்கள். காலையில் தந்தையார் ஒரு கையில் தடியோடு கீழிருந்து எட்டும்வரை ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தார். மேல்கட்டுகளைப் பார்க்க பெல்ட் மாட்டிய ஓர் இளைஞரை அனுப்பினார். இரண்டாம் அடுக்கில் நார்க் கயிறு பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இரண்டு கட்டுகளில் பிரி விட்டிருந்தது. “இன்னிக்கு ஏற வேண்டாம்” என்றார் தந்தையார்.

ஒப்பந்தக்காரருக்கு முகம் சுருங்கியது. முடிக்க நான்கே நாள்தான் இருந்தது. “ரெண்டு கட்டுத்தானுங்கண்ணா? அதுக்கு மேல இன்னொரு சுத்துச் சுத்திட்டு இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கலாம்” என்றார். ஆள்களும் அவர் பக்கம்தான். அரைக் கூலி என்றால் பண்டிகை நேரத்தில் யாருக்குத்தான் மனம் வரும்? “நான் ஏறறனுங்க, ஒண்ணும் ஆகாது” என்று ஒருவர் காலை வைத்தும் விட்டார். தந்தையார் வாதாடவில்லை. மெல்ல நடந்துபோய்ச் சாரத்தின் முதல் படிக்கு முன்னால் தடியை ஊன்றி நின்றுகொண்டார். பாதிக் கூலிக்கு நிறம் கலந்துகொண்டிருந்தவர் மேஸ்திரிக் கூலி பெறத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த வேலை போய்விடும் என்று நான் நடுங்கினேன்.

அங்கே காவலர் அறைச் சுவரில் நாங்கள் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் அதை ஒருமுறை பார்த்தார். கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கயிறு வாங்கப் போனார். கயிறு வந்து, அவிழ்த்துக் கட்டி முடிக்கப் பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. அன்று அனைவருக்கும் அரைக் கூலிதான். எங்கள் மேல் பலருக்கு வருத்தம். வேலை பொங்கலுக்கு முன் முடியவில்லை. பண்டிகைக்குப் பின் இரண்டு நாள் சேர்த்து முடித்தார்கள்.

அந்தக் கயிறு அன்று அறுந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. அறுந்திருந்தால் ஊரெல்லாம் பேசியிருக்கும். அறுக்காமல் மாற்றியதைப் பற்றிப் பேச எவரும் இல்லை. பதினான்கு பேரும் பொங்கலுக்கு அவரவர் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் கணக்கு. “இந்தத் தாள எழுதுன கை உன் கைதானே தம்பி, எனக்கு ஒரு நா நட்டம் பண்ணிட்டியே!” என்று ஒப்பந்தக்காரர் பின்னொரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அடுத்து எடுத்த வேலைக்கு ஆலையும் கேட்கவில்லை, அரசும் கேட்கவில்லை. அவராகவே அந்தத் தாளை எடுத்துப் போய் ஒட்டினார்.

அன்பு நண்பர்களே, நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் மாலையிலும் விடுமுறையிலும் வேலைக்குப் போகிறவர்கள். பெயிண்ட் வேலைக்கும், பந்தல் வேலைக்கும், சாயப் பட்டறைக்கும், சமையல் வேலைக்கும் போகிறோம். நாளை நம்மில் சிலர் அதிகாரிகளாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் ஆகலாம். பலர் சொந்த வீடு கட்டி, அதற்கு வண்ணம் அடிக்க ஆள் கூப்பிடுவோம். எந்த இடத்தில் நின்றாலும் “பாதுகாப்பு உறுதி செய்யப்படும்” என்ற வாக்கியத்தைக் கண்டால், என் தந்தையார் கேட்ட ஒரு சொல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதிலாக ஓர் ஆளின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஏணியில் யாரையும் ஏறச் சொல்லாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலையிலும் தந்தையார் தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆள்கள் வருமுன் சாரம் பார்க்க வேண்டுமாம்.